காலி நாற்காலிக்கும் ஒரு பெயர்ப்பலகை

தேர்தல் விவாதத்துக்காக வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்கார வைக்கும் வேலையில், மண்டபம் பிடிப்பதற்கு முன்பே முடிவாக வேண்டியது, வராதவரை என்ன செய்வது என்பதுதான். ஒப்புக்கொண்டவர் கடைசி நாளில் "தலைமை கூப்பிடுகிறது" என்பார். நாட்டுப் பொருளாதாரம் ஆட்டம் காணும்போது இந்தச் சாக்குக்கு மவுசு அதிகம். இந்த நேரத்தில் விவாதமா என்று கேட்டால் கூட்டமும் தலையாட்டும்.

2008 செப்டம்பர் 15-ல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானது. 24-ம் தேதி, அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் பிரசாரத்தை நிறுத்திவைப்பதாகச் சொல்லி, 26-ம் தேதி விவாதத்தைத் தள்ளிவைக்கக் கேட்டார். ஒபாமா ஒத்துக்கொள்ளவில்லை, ஏற்பாட்டாளர்களும் தேதியை அசைக்கவில்லை. விவாத நாள் காலையில்தான் மெக்கெய்ன் வருவதாக அறிவித்தார். வெளியுறவுக்கென்று வைத்த விவாதம் பொருளாதாரத்தில்தான் தொடங்கியது. அர்ஜென்டினாவில் 2015-ல் அதிபர் வேட்பாளர் சியோலி முதல் விவாதத்துக்கு வரவில்லை. அடுத்த ஆண்டே அதிபர் வேட்பாளர்களுக்கு விவாதத்தைச் சட்டம் கட்டாயமாக்கியது. இங்கே அப்படிச் சட்டமில்லை. கையெழுத்துதான் பிடிமானம்.

அழைப்பை வேட்பாளர் கையில் கொடுத்தால் சால்வைகளோடு வேனிலேயே தங்கிவிடும். தேர்தல் முகவரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் நேரமும் வாங்க வேண்டும். விதிகள் ஒரே பக்கம்: பதிலுக்கு 90 விநாடி, பேசும் வரிசை குலுக்கலில், வராதவரின் பெயர்ப்பலகை எடுக்கப்படாது, பதிலாள் கிடையாது. கடைசி விதியில் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்களும் மாவட்டப் பேச்சாளரை அனுப்பிவிடுவார்கள். தேர்தல் நடத்தும் அலுவலரின் அனுமதி வேண்டும். மண்டப வாடகை யாருடைய தேர்தல் செலவுக் கணக்கில் ஏறும் என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டமே கூடாது.

நேரம்தான் பெரிய தலைவலி. சாயங்காலம் வேட்பாளர் திறந்த வேனில் ஏறிவிடுவார். அவருக்குத் தோதான காலை 11 மணிக்கு, கேள்வி வைத்திருப்பவர்கள் வர முடியாது. பாலக்கோட்டில் தக்காளி மண்டி ஓய்ந்த பிற்பகலும், ஓசூரில் ஞாயிற்றுக்கிழமையும் ஓரளவு ஒத்துவரும்.

"விலைவாசிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். எண்ணோடு கேட்க வேண்டும். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள், 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தது. இன்னொரு நெருக்கடியில் அதுவும் நின்றால், பென்னாகரத்தில் பாதியில் கிடக்கும் வேலையை எந்தப் பணத்தில் முடிப்பீர்கள்? இதற்கு 90 விநாடி தாராளம், தெரிந்தவருக்கு.

வராதவரிடமும் கேள்வியை வாசித்துவிட வேண்டும், கிண்டல் தொனி இல்லாமல். 90 விநாடியும் கடிகாரத்தை ஓடவிட்டால் விசில் கிளம்பும், கட்சிக்காரர்கள் மேடையேறுவார்கள், மைக் கம்பி அறுந்து கூட்டமே கலைந்துவிடும். 10 விநாடி விட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டால் போதும்.