நனையாத தோள்கள்

நான் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது இலையுதிர் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. புறப்படுவதற்கு முன் பார்த்தவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். எலும்பைத் துளைக்கும், காது மரத்துப்போகும், கவனமாக இரு என்றார்கள். மழையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும், கடையில் இருந்தவற்றிலேயே தடிமனான குளிர் ஜாக்கெட்டைத் தேடி எடுத்தேன். தலையணையைப் போல உப்பியிருந்தது. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை தாங்கும் என்று அதன் அட்டை சொன்னது. அந்த எண்ணைப் படித்ததும் என் அச்சம் பாதி குறைந்துவிட்டது.

நான் குடியேறிய ஊரின் குளிர்காலத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 2 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் இடையில்தான் நிற்கும். பனி விழுவது அபூர்வம். விழுவதெல்லாம் தூறல்தான். காலையில் பிடித்தால் இரவு வரை விடாது. அதைச் சாய்த்து முகத்தில் அடிக்கும் காற்று வேறு. சோவென்று கொட்டிவிட்டு வெளுத்துப் போகும் மழையை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, ஓய்வில்லாமல் பொடித்துக்கொண்டே இருக்கும் இந்த மழையைப் புரிந்துகொள்ள ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

ஒரு மாலை வேலை முடிந்து பஸ்ஸுக்காக நாற்பது நிமிடம் காத்து நின்றேன். காற்று குடையை இரண்டு முறை புரட்டிப்போட்டதும் மடக்கி வைத்துவிட்டேன். முதல் பத்து நிமிடம் ஜாக்கெட்டின் மேல் துளிகள் உருண்டு ஓடின. பிறகு தோள்பட்டையில் துணி கறுக்கத் தொடங்கியது. கறுத்த இடம் மெல்லக் கீழே இறங்கியது. வீட்டுக்கு வந்து கழற்றியபோது ஜாக்கெட் இரண்டு மடங்கு கனத்தது. உள்ளே அடைத்திருந்த வாத்துத் தூவியெல்லாம் கட்டிகட்டியாகத் திரண்டு கட்டங்களின் அடியில் தங்கிவிட்டது. மேலே வெறும் துணிதான் மிச்சம். அன்று இரவு போர்வைக்குள் படுத்த பிறகும் நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று. ஒற்றை அறையில் அதைத் தொங்கவிட்டேன். காய்வதற்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு வேலைக்குப் போனேன்.

அந்த ஜாக்கெட்டில் குறை இல்லை. வாத்தின் நெஞ்சில் இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவிக்கு நிகராக, அதே எடையில் வெப்பம் காக்கும் பொருள் வேறு அநேகமாக இல்லை. 1922இல் எவரெஸ்டுக்குப் போன ஜார்ஜ் ஃபிஞ்ச், தூவி அடைத்த அங்கியைத் தானே வடிவமைத்து அணிந்திருந்தார். தூவி நேரடியாக நம்மைச் சூடேற்றுவதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது. அந்தக் காற்றுதான் நம் உடல் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. தூவி நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்று வெளியேறும், அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உறைபனியில் உலர்ந்த உடையோடு நிற்பவரைவிட, 5 டிகிரியில் நனைந்து காற்றில் நிற்பவர் ஆபத்துக்கு அருகில் இருக்கக்கூடும். இதை யாராவது எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் ஆதங்கப்படுகிறேன். இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

எனக்குச் சொன்னவர் மேல்மாடியில் குடியிருந்த அக்கா. இங்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது அவருக்கு. படிக்கட்டில் என்னைப் பார்த்தவர், "தம்பி, எங்கே உங்கள் பெரிய ஜாக்கெட்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்குள் அழைத்துப் போய், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன்னுடைய ஜாக்கெட்டை எடுத்து உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் காட்டினார். அது மெல்லியதாக இருந்தது. இதை வைத்துக்கொண்டா இத்தனை குளிர்காலத்தைக் கழித்தார் என்று வியந்தேன். தையல் ஓடிய இடங்களிலெல்லாம் ஒரு நாடா ஒட்டியிருந்தது. "ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் வரும். நாடா ஒட்டாத ஜாக்கெட் மழைக்கு ஆகாது. முதலில் மழையை வெளியே நிறுத்துங்கள். சூட்டை உள்ளே தனியாகப் போட்டுக்கொள்ளலாம்" என்றார்.

நான் நடத்திய தேடல் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சுற்றித்தான் நடந்தது. மழையைத் தடுப்பதும் குளிரைத் தடுப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே உடையிடம் ஒப்படைத்தால், 12 டிகிரி நாளில் வேர்த்துப் புழுங்குவோம், அல்லது 2 டிகிரி நாளில் நடுங்குவோம். தனித்தனியாக வைத்துக்கொண்டால் ஒரே மேலுறையை ஆண்டில் எட்டு மாதம் அணியலாம்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது சொற்களை. நீரை விலக்கும் என்பதற்கும் நீர் புகாதது என்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. முதல் வகை சிறு தூறலில் சாலையைக் கடந்து போகும் நேரத்துக்குப் போதும். இரண்டாவது வகையில்தான் துணிக்குள் நீர் புகாத சவ்வோ பூச்சோ இருக்கும். அதன் திறனை மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். 10,000 என்றால், துணியின் மேல் பத்து மீட்டர் உயர நீர் நின்றால் வரும் அழுத்தம் வரை அது கசியாது என்று பொருள். தினமும் மழையில் நடந்து போகும் எனக்கு 10,000 போதும் என்று முதலில் நினைத்தேன். தோளில் பை மாட்டுகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்க வேண்டும். பையின் பட்டை அழுத்தும் இடத்தில்தான் நீர் முதலில் உள்ளே நுழையும். நான் 20,000 என்று எழுதியிருந்ததை எடுத்தேன், அதற்காக வருந்தவில்லை.

நீரைத் தடுப்பது மட்டும் போதும் என்றால் பிளாஸ்டிக் உறையே போதும். சார்லஸ் மாக்கின்டோஷ் 1823இலேயே இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து மழை அங்கிக்கான துணிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அதை அணிந்தவர்கள் மழைக்குத் தப்பித் தங்கள் வியர்வையிலேயே நனைந்தார்கள். 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கப் பொறியாளர், டெஃப்லான் இனப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது, நுண்துளைகள் நிறைந்த படலம் கிடைத்தது. நீர்த்துளி நுழைய முடியாது, நீராவி வெளியேற முடியும். கோர்-டெக்ஸ் என்னும் நீர்புகாத் துணி பிறந்த வரலாறு இது. இன்று இதே வேலையைச் செய்யும் சவ்வுகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் ஆவி வெளியே போக, வெளிக்காற்று ஓரளவு உலர்ந்திருக்க வேண்டும். நாள் முழுவதும் ஈரம் கோத்து நிற்கும் வானிலையில் எந்தச் சவ்வும் திணறும். அதனால்தான் அக்குளுக்குக் கீழே திறக்கும் ஜிப் உள்ள ஜாக்கெட்டை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். ஏற்றத்தில் நடக்கும்போது அதைத் திறந்துவிட்டால் முதுகு உலர்ந்தே இருக்கும்.

மற்றவற்றைக் கையால் தொட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம். தலைமூடி தலையோடு திரும்புகிறதா? சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் பார்வையை மறைத்தால் அது ஆபத்து. முன்னால் சற்று விறைப்பான விளிம்பு இருந்தால் மழை கண்ணில் விழாது, கண்ணாடி அணிபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஜிப்பை முழுவதும் மேலே இழுத்தால் முகவாய் மறைய வேண்டும். மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை வேண்டும். நீளத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இடுப்போடு நிற்கும் ஜாக்கெட்டில் வழியும் மழையெல்லாம் நேராகத் தொடையில்தான் இறங்கும். பாதித் தொடை வரை வருவது நல்லது. அப்படி நீளமாக இருந்தால், பஸ்ஸில் உட்காரும்போது கீழிருந்தும் திறக்கக்கூடிய இருவழி ஜிப் அவசியம். அணிந்து பார்க்கப் போகும்போது உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரையும் கொண்டுபோங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். மணிக்கட்டும் இடுப்பும் வெளியே தெரிந்தால் அது உங்கள் அளவு இல்லை.

உள்ளே என்ன அணிவது என்பதில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். பருத்தி நமக்குத் தோலோடு பழகிய துணி. இந்தக் குளிரில் அதைத் தோலை ஒட்டி அணியக் கூடாது. வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். நடையை நிறுத்திய மறுகணம் முதுகு ஜில்லிட்டுப் போகும். மெல்லிய மெரினோ கம்பளியோ பாலியஸ்டர் உள்ளாடையோ நல்லது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தோன்றாது. அதற்கு மேல் ஒரு ஃபிளீஸ், அதாவது பஞ்சு போன்ற செயற்கைத் துணியில் தைத்த மேலாடை. மிகக் குளிரும் நாளில் மட்டும் செயற்கை இழை அடைத்த மெல்லிய ஜாக்கெட் ஒன்று. பிரைமாலாஃப்ட் என்னும் இழையை 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கினார்கள், நனைந்தாலும் சூட்டைப் பெருமளவு காக்கும் தூவிக்கு மாற்றாக. உலர்ந்த குளிரில் அது தூவிக்கு ஈடாகாது. ஆனால் இங்கே உலர்ந்த குளிர் எத்தனை நாள் இருக்கிறது?

இரண்டாவது ஆண்டு மறுபடியும் தோள் நனைந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவர் அதைப் பார்த்ததும் கேட்ட கேள்வி: "இதுவரை எத்தனை முறை துவைத்தீர்கள்?" ஒரு முறைகூட இல்லை. துவைத்தால் பூச்சு போய்விடும் என்று பயந்திருந்தேன். உண்மை நேர்மாறானது. வெளித்துணியின் மேல் துளிகளை உருட்டிவிடும் ஒரு பூச்சு இருக்கிறது. தோல் எண்ணெயும் புகையும் அழுக்கும் படிந்தால் அது வேலை செய்யாது. வெளித்துணி நீரைக் குடித்துக் கனத்து ஒட்டிக்கொள்ளும். அடியில் சவ்வு நீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் ஆவி வெளியேற வழி இல்லாததால் உள்ளே ஈரம் தேங்கும். மழை ஒழுகுகிறது என்று நாம் நினைக்கிறோம். அது பெரும்பாலும் நம் வியர்வை.

அன்றிலிருந்து பருவத்துக்கு இரண்டு மூன்று முறை துவைக்கிறேன். எல்லா ஜிப்களையும் மூடி, இத்தகைய துணிக்கென்று விற்கும் திரவச் சோப்பை ஊற்றி, கூடுதலாக ஒரு முறை அலசவிடுவேன். துணியை மென்மையாக்கும் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது, அது பூச்சைக் கெடுத்துவிடும். உள்ளே இருக்கும் லேபிள் அனுமதித்தால், காய்ந்தபின் உலர்த்தியில் இருபது நிமிடம் மிதமான சூட்டில் சுழலவிட்டால் பூச்சு மறுபடி உயிர் பெறும். அதற்கும் அசையாவிட்டால், நீரை விலக்கும் பூச்சைத் தெளிப்பானால் மறுபடி அடிக்க வேண்டும். துவைத்து முடித்து ஒரு கை நீரைத் தெளித்தபோது, துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடியதைப் பார்த்து எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறியதல்ல.

பழைய ஜாக்கெட்டை வாங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை, புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் செதில் செதிலாக உதிர்ந்தால் சவ்வு முடிந்துவிட்டது, வைத்துவிடுங்கள். தையல் நாடா மட்டும் எழும்பியிருந்தால் சரிசெய்துகொள்ளலாம்.

என் உப்பிய ஜாக்கெட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. உலர்த்தியில் மூன்று டென்னிஸ் பந்துகளோடு போட்டுச் சுழற்றியதில் கட்டிகள் உடைந்து தூவி பழையபடி எழும்பிவிட்டது. வானம் வெளுத்துத் தரை உறையும் அந்தச் சில நாட்களில் அதை அணிகிறேன். அப்போது அதைப் போல ஒரு துணை இல்லை.

இந்த ஆண்டு மழை தொடங்குவதற்கு முன் அக்காவின் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிவந்தேன். இடது தோளில் நாடா ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, புதிய நாடாவை வைத்து, மேலே மெல்லிய துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் மெதுவாக அழுத்தி ஒட்டினேன். ஆறியதும் அதை அணிந்துகொண்டு ஷவருக்கு அடியில் ஐந்து நிமிடம் நின்றேன். கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். தோள் உலர்ந்திருந்தது. இரவெல்லாம் காயவிட்டு, காலையில் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.