குழாயில் வந்த குமிழி

மகளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. முழங்கால் வலிக்கிறது என்று இரவுகளில் அழுதாள். ஓடியாடும் பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று தைலம் தேய்த்துவிட்டோம். மூன்றாவது வாரம் ஈறில் ரத்தம் கசிந்தது. அடிபடாமலேயே தொடையில் நீலத் திட்டுகள். பெங்களூரு அல்சூரில் எங்கள் குடும்ப மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான், பெரும்பாலான குழந்தைகள் இதிலிருந்து குணமாகிவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பின்பாதியை என் மனைவிதான் கேட்டுவைத்திருந்தாள். எனக்கு வீட்டுக்கு வந்தபின் அவள் சொல்லித்தான் தெரியும்.

முதல் கட்டத்துக்கு இண்டக்‌ஷன் என்று பெயர். எங்களுக்கு ஐந்து வாரம். வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின், தினமும் ஸ்டீராய்டு, இடையிடையே அஸ்பராஜினேஸ் ஊசி, மூளைக்கு நோய் பரவாமலிருக்க முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட். வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. கிருஷ்ணகிரியில் எங்கள் அம்மா வாசலில் வளர்ப்பது அதே செடிதான். செய்தி கேட்டதிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் அவர் காபி குடித்ததில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். செடி நஞ்சு, அளந்து கொடுத்தால்தான் மருந்து.)

லுகேமியா அணுக்களுக்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தேவையான அளவு தாமே செய்துகொள்ளத் தெரியாது. ரத்தத்தில் இருப்பதை அஸ்பராஜினேஸ் சிதைத்துவிட, அவை பட்டினியில் சாகின்றன. இதை மகளிடம் சொன்னபோது ஸ்டீராய்டின் பசியில் இரவு இரண்டு மணிக்கு நான்காவது இட்லியைத் தின்றுகொண்டிருந்தாள். "அதுகளுக்கும் இப்படித்தான் பசிக்குமா?" என்று கேட்டாள்.

குமிழி வந்தது இரண்டாவது வாரத்தில். சலைன் குழாயில் ஒரு காற்றுக் குமிழி மெல்ல இறங்கி வருவதைப் பார்த்து அலறிவிட்டாள். குழாயை மடித்து முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டாள். "ஒன்றுமில்லை, கண்ணை மூடிக்கொள்" என்றேன். முதுகில் ஊசி போடும் முன்பும் இதே "ஒன்றுமில்லை"யைத்தான் சொல்லியிருந்தேன், அது வலித்திருந்தது. இனி என் சொல்லை ஏன் நம்ப வேண்டும்? பிடியை விடவில்லை. சிஸ்டர் வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழாயைச் சுண்டிக் குமிழியை மேலேற்றிக் காட்டினார். அத்தனை சிறிய குமிழி உள்ளே போனாலும் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும், நிறையக் காற்று போனால்தான் ஆபத்து, அதற்குத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்றார். உண்மையைக் கேட்டதும் தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொன்னோம். இந்தச் சிகிச்சையில் நாங்களாகச் சரியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள், "குமிழி வேறு என்னவெல்லாம் செய்யும்?" என்றாள். நான் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகப் பயிற்றுநர். வெளிச்சம்கூடத் தரும் என்றேன். 1934இல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் ஃபிரென்செல், ஷுல்டெஸ் என்ற இருவர், நீருக்குள் மீயொலி (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி) செலுத்தியபோது புகைப்படத் தகட்டில் புள்ளிகள் விழுவதைக் கண்டார்கள். ஒலியழுத்தத்தில் குமிழிகள் நசுங்கும்போது பிறந்த ஒளி அது. 1990 வாக்கில் அமெரிக்காவின் ஃபெலிப் கைட்டன் ஒரே ஒரு குமிழியை நீரின் நடுவில் நிறுத்தி ஒளிரவைத்தார். ஒலி தளரும்போது குமிழி ஏறத்தாழ 50 மைக்ரான் ஆரம் வரை உப்புகிறது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அழுத்தும்போது அரை மைக்ரானுக்குச் சுருங்குகிறது. உள்ளே அடைபட்ட வாயு சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாகி, நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம் மின்னுகிறது. இப்படி நொடிக்குச் சுமார் 25,000 முறை. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தச் சூட்டில் வேதிவினையாகி நீரில் கரைந்துபோக, ஒரு சதவீதமே இருக்கும் ஆர்கான் உள்ளே மிஞ்சுகிறது. இந்த ஒளிக்கும் அவள் நோய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதையும் சொன்னேன். "பார்க்க முடியுமா?" என்றாள். ரத்த அணுக்களின் கவுண்ட் ஏறட்டும், செய்வோம் என்றேன்.

இண்டக்‌ஷன் முடிவில் மஜ்ஜையில் எஞ்சிய நோயணுக்கள் 0.01 சதவீதத்துக்கும் கீழே, நல்ல அறிகுறி. அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன்: காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நாங்கள் நான்கு முறை நள்ளிரவில் ஆட்டோ பிடித்தோம். பக்கத்துப் படுக்கைத் தர்மபுரித் தாய், "அண்ணா, பையை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள்" என்று சொல்லியிருந்தார். பை கதவருகே தயாராகவே இருந்தது.

பராமரிப்புக் கட்டம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு: தினமும் இரவில் 6-மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. இந்த இரண்டாவதின் பின்னால் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் உழைப்பு இருக்கிறது. இதன் முன்னோடியான அமினோப்டெரின், அவருடைய குழு தந்தது. அதைக் கொண்டு அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் லுகேமியாவைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்கவைத்தது 1948இல். அதற்கு முன் இந்த நோயைப் பின்வாங்கவைக்கும் மருந்து என்று ஒன்று இருந்ததில்லை.

எஸ்.பி. ரோட்டில் இரண்டு பீசோ வில்லைகள் (மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்புபவை), செம்புக் கம்பி, ஆம்ப்ளிஃபையர் பலகை வாங்கினேன். 100 மில்லி உருண்டைக் குடுவையின் இருபக்கமும் வில்லைகளை ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் முகக்கவசத்தோடு வந்து, மின்கம்பிகளிலிருந்து தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து அதிர்வெண்ணை நோட்டில் எழுதுவாள். ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. குமிழி சிக்கும், நடுங்கும், நழுவிப்போகும். நீரில் காற்று மிகுந்திருந்ததுதான் காரணம். கொதிக்கவைத்து, சூட்டோடு மூடி, பனிக்கட்டியில் குளிரவைத்த நீரை ஊற்றினோம்.

ஆறாவது ஞாயிறு விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் இருட்டில் இருந்தோம். அவள்தான் முதலில் பார்த்தாள். குடுவையின் நடுவே ஊசிமுனை அளவு நீலம்.

"அப்பா, இது நகரவே இல்லையே."

"ஒலி பிடித்து வைத்திருக்கிறது."

நீர் சூடேற ஏற ஒளி மங்கியது. மறுபடியும் குளிரவைக்கலாமா என்று கேட்டாள். மணி எட்டரை. ஒன்பதுக்கு மாத்திரை இருந்தது. நோட்டில் அதிர்வெண்ணை எழுதிவிட்டுக் கிளம்பினோம்.