படிவம் 95-இல் இருந்த தேதி

கொலையைக் கண்ணால் கண்டவர் ஒருவர்கூட இல்லாத வழக்கு அது. ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவருக்காக மேல்முறையீட்டை நடத்தும் பொறுப்பு, சட்டப் பணிகள் குழுவின் வழியாக, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் என்னிடம் வந்தது. இறந்தவரைக் கடைசியாக இவருடன் பார்த்ததாக ஒரு டீக்கடைக்காரர் சொன்ன சாட்சியம், கிராம நிர்வாக அலுவலரிடம் இவர் தாமாகவே போய்க் கொடுத்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலம், பின்னர் கைப்பற்றப்பட்ட அரிவாளில் இருந்த ரத்தம் ஆகியவற்றை வைத்தே செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்திருந்தது.

சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிக்க வேண்டுமானால், ஒவ்வொரு சூழ்நிலையும் ஐயமற நிரூபிக்கப்பட்டு, எல்லாம் சேர்ந்து இவரைத் தவிர வேறு எவரும் செய்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும் என்பதைச் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகளாக வகுத்தது. கொலை மேல்முறையீடுகளில் இரு தரப்புமே இதை மேற்கோள் காட்டும் என்பதால், இதைச் சொல்வதால் மட்டும் யாருக்கும் விடுதலை கிடைத்துவிடாது; உண்மையான வேலை, விசாரணை ஆவணங்களின் தொகுப்பான டைப்செட்டுக்குள்தான் இருக்கிறது.

டீக்கடைக்காரர் இருவரையும் பார்த்தது ஞாயிறு மாலை ஏழு மணிக்கு. உடல் கிடைத்தது செவ்வாய் காலை, ஊர்க் கண்மாய்க் கரையில். அன்று நண்பகலில் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், 24 முதல் 36 மணி நேரத்துக்கு முன் மரணம் நேர்ந்திருக்கலாம் என்றார். அப்படியானால் ஞாயிறு நள்ளிரவுக்கு முன் மரணம் இல்லை. இடையில் குறைந்தது ஐந்து மணி நேரம், யாரும் வந்துபோகக்கூடிய பொது இடம். பூட்டிய வீட்டுக்குள் இருந்த இருவரில் ஒருவர் இறந்திருந்தால் இந்த வழக்குக்குப் பொருந்திய பழைய 1872 சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி மற்றவர் விளக்கம் சொல்லியாக வேண்டும். கண்மாய்க் கரைக்கு அந்தப் பிரிவு எட்டாது.

வாக்குமூலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பின் பழக்கமில்லாத கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப்போய் ஒருவர் கொலையை ஒப்புக்கொள்வது நம் ஊர்க் கொலை வழக்குகளில் ஆச்சரியப்படும் அளவுக்கு அடிக்கடி நடக்கிறது. நீதிபதிகளும் அதை அறிவார்கள்.

அரிவாள்தான் கடினமாக இருந்தது. ரத்தவியல் அறிக்கை அதில் மனித ரத்தம், 'பி' பிரிவு என்றது; இறந்தவருடையதும் அதே பிரிவு. கைப்பற்றப்பட்ட இவரது லுங்கியில் இருந்தது மனித ரத்தம் என்றாலும் பிரிவு தெரியவில்லை. 'பி' நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் பிரிவுகளுள் ஒன்று என்பது முதல் வாதம். குற்றம் சாட்டப்பட்டவரின் ரத்தப் பிரிவையே போலீசார் கண்டறியவில்லை என்பது அதைவிட வலுவான வாதம். ஆனால் என் கண் நின்றது, கைப்பற்றிய பொருளைப் போலீசார் நீதிமன்றத்துக்கு அனுப்பும்போது இணைக்கும் படிவம் 95-இல். பொருளைக் கைப்பற்றியதைப் பதியும் மகஜரின்படி அரிவாள் கைதான அன்றே கைப்பற்றப்பட்டிருக்க, படிவத்தின் மேல் மூலையில் மாஜிஸ்திரேட் நீதிமன்ற முத்திரையின் தேதி 19 நாள் கழித்து இருந்தது. அதுவரை அது எங்கே, யார் பொறுப்பில், சீலிடப்பட்டு இருந்ததா? இன்ஸ்பெக்டர் குறுக்கு விசாரணையில் "நிலையத்தில் பத்திரமாக இருந்தது" என்று மட்டும் கூறியிருந்தார். பதிவேடு எதுவும் சான்றாவணமாகக் குறியிடப்படவில்லை, எடுத்துச் சென்ற காவலரும் விசாரிக்கப்படவில்லை.

தேனி மாவட்டச் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்து, டி.என்.ஏ. மாதிரிகள் கைமாறும் ஒவ்வொரு கட்டமும் பதிவாக வேண்டும், 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும் என்று வழிமுறைகள் வகுத்திருந்தது. எங்கள் வழக்கில் டி.என்.ஏ. சோதனையே இல்லை என்று அரசுத் தரப்புக் கூடுதல் வழக்கறிஞர் ஆட்சேபித்தது நியாயம்தான். அந்த வழிமுறைகள் அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. சீல் எப்போது வைக்கப்பட்டது என்றே தெரியாத பொருளின் மீது ஆய்வகம் சரியாகச் சோதனை செய்திருந்தாலும், அந்த முடிவு இந்தக் கொலையோடு அதை இணைக்காது என்பதே என் வாதம். இரு நீதிபதிகள் அமர்வில் மூத்த நீதிபதி படிவத்தை வாங்கிப் பார்த்து, "இந்த 19 நாளுக்கு விளக்கம் எங்கே?" என்று கேட்டபோது, எதிர்த்தரப்பில் கோப்பைப் புரட்டினார்களே தவிர பதில் வரவில்லை.

சந்தேகத்தின் பலனை அளித்துத் தண்டனையை ரத்து செய்தார்கள். அவர் குற்றமே செய்யவில்லை என்று தீர்ப்பு சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கும் ஆதாரமில்லை. வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் உடனே விடுவிக்கவும், செலுத்திய அபராதத்தைத் திருப்பித் தரவும் உத்தரவாகி, அதன் நகல் சிறைக் கண்காணிப்பாளருக்குப் போனது.