கேட்ட கேள்விக்கு மட்டும்

“இதில் வேறு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா?” என்று மேலதிகாரி கேட்டார். “இல்லை” என்றேன்.

நடந்தது அவ்வளவுதான். ஆறு வருடம் ஆகிவிட்டது. பதில் சொல்வதற்கு முன்னால் நான் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்ததும், அவர் தாளை இரண்டாக மடித்துக்கொண்டு போனதும் இன்னும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. அவர் என்னை மிரட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வாய்விட்டுக் கேட்டார். அதனால்தான் இது என்னை விடமாட்டேன் என்கிறது.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எழுத்துபூர்வமாகக் கேள்வி அனுப்பியிருந்தார். குடும்ப விசா விண்ணப்பங்களில், அறிவிக்கப்பட்ட காலவரம்பைத் தாண்டியும் முடிவு சொல்லப்படாதவை எத்தனை? பதில் வரைவு மதியத்துக்குள் போக வேண்டும். குடியேற்றத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தேன், எண்ணை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

எண் எடுப்பது பத்து நிமிட வேலை. எக்செல்லில் ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அதில் ‘கூடுதல் ஆவணம் கோரப்பட்டது’ என்ற நிலையில் உள்ள விண்ணப்பங்களுக்குக் காலக் கணக்கு ஓடாது. ஆவணம் தர வேண்டியவர் விண்ணப்பித்தவர், அந்தத் தாமதத்தை அலுவலகத்தின் தலையில் கட்டக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான். துறையின் இணையதளத்திலும் அது இருந்தது. ஃபில்டரில் அந்த ஒரு டிக்கை எடுத்தேன். நான்கு இலக்க எண் மூன்று இலக்கமாகச் சுருங்கியது. அதைத்தான் தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. விதிப்படி எடுத்த எண். முந்தைய காலாண்டுகளிலும் அப்படித்தான் எடுத்திருந்தோம். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கே இல்லை.

ஆனால் அந்த நெடுவரிசை எப்படி நிரம்புகிறது என்பது எனக்குத் தெரியும். கோப்புப் பிரிவில் நம் ஊர்க்காரப் பெண் ஒருவர் இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன் சாப்பாட்டு இடைவேளையில் பேச்சுவாக்கில் சொன்னார்: “ஆவணம் வந்து ஸ்கேன் ஆகி உள்ளேதான் இருக்கும். நாங்க ஃபைலைத் திறந்தாத்தான் நிலை மாறும். திறந்துட்டா அது எங்க கணக்குல ஏறிடும். வாரக் கடைசியில திறந்த ஃபைல் எத்தனை, முடிச்சது எத்தனைன்னு கேட்பாங்க. அதனால கையில இருக்கறதை முடிச்சிட்டு அப்புறம் எடுப்போம்.” அதில் குற்ற உணர்ச்சி எதுவும் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆறு பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் செய்துகொண்டிருந்தார்கள்.

அதாவது, ‘ஆவணம் கோரப்பட்டது’ என்று நிற்கும் கோப்புகளில் ஒரு பகுதிக்கு ஆவணம் ஏற்கெனவே வந்துவிட்டது. விண்ணப்பித்தவர் தன் பங்கை முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். தாமதம் முழுக்க எங்களுடையது. கணக்கில் மட்டும் அது அவருடைய தாமதம்.

அன்று காலை, எண்ணை எடுப்பதற்கு முன்னால், சரிபார்ப்பதற்காக ஒரு கோப்பைத் திறந்தேன். மனைவியோடு சேர்ந்து வாழ ஒருவர் விண்ணப்பித்திருந்தார். திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, முத்திரையோடு வேண்டும் என்று கடிதம் போயிருந்தது. மொழிபெயர்ப்பு வந்திருந்தது. ஸ்கேன் சற்றே சாய்வாக, மேல் மூலையில் ஸ்டேப்ளர் ஊசியின் நிழலோடு இருந்தது. பதிவேறிய தேதிக்கும் அன்றைக்கும் இடையே பதினோரு மாதம். அதன் கீழே கையால் எழுதிய அரைப்பக்கக் கடிதம், மனைவி எழுதியது. விரைவாக முடிவு சொல்லுங்கள் என்றுகூட அதில் இல்லை. ஆவணம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் தெரிவித்தால் போதும் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் இடம் போதாமல் எழுத்துகள் நெருங்கி, கையெழுத்து ஓரத்தில் ஏறியிருந்தது.

கோப்பை மூடினேன். ஃபில்டரில் டிக்கை எடுத்தேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சில நாள் தோன்றும், நான் யோசித்துத்தான் செய்தேன் என்று. எத்தனை கோப்புகளில் ஆவணம் வந்து கிடக்கிறது என்று எண்ணுவதற்கு எங்களிடம் வழி இல்லை. அதற்கென்று தனிக் குறியீடே கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு கோப்பும் ஒரு சாப்பாட்டு மேசைப் பேச்சும்தான். அதை வைத்துக்கொண்டு ஓர் அமைச்சரின் பதிலில் என்ன எழுத முடியும்? கேட்டவரும் காலவரம்பைத் தாண்டியவை எத்தனை என்றுதான் கேட்டார், காலக் கணக்கு நிறுத்தப்பட்டவை எத்தனை என்று கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல் என்பது எங்கள் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுக்கப்படுவது.

வேறு சில நாள் இதெல்லாம் பின்னால் நானே கோத்த மாலை என்று தோன்றும். “கூடுதல் ஆவணம் கோரப்பட்ட விண்ணப்பங்கள் இதில் சேரவில்லை, அவற்றில் சிலவற்றுக்கு ஆவணம் வந்திருக்கலாம்.” ஒரே ஓர் அடிக்குறிப்பு. எண் தெரியாது என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கலாம். அளக்க முடியவில்லை என்பதும் ஒரு தகவல்தானே.

எங்கள் மேசைகளுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. அரசுப் புள்ளிவிவரங்களுக்கான அடிப்படைக் கோட்பாடுகள், ஐ.நா. பொதுச்சபை 2014 ஜனவரியில் ஏற்றுக்கொண்டவை. புள்ளிவிவரங்கள் தவறாகப் பொருள் கொள்ளப்பட்டாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டாலோ அதைப் பற்றிக் கருத்துச் சொல்லப் புள்ளிவிவர அமைப்புகளுக்கு உரிமை உண்டு என்கிறது நான்காவது கோட்பாடு. உரிமை என்றுதான் இருக்கிறது. கடமை என்று எழுதியிருந்தால் அன்று என் வாய் திறந்திருக்குமா? தெரியவில்லை. என் பொறுப்பை ஒரு சொல்லின் மேல் இறக்கி வைக்கப் பார்க்கிறேனோ என்னவோ.

குடியேற்ற எண்கள் பற்றி எந்த நாட்டுச் செய்தி வந்தாலும் இப்போது முதலில் அடிக்குறிப்பைத்தான் தேடுகிறேன். பிரிட்டனில் 2022 ஜூன் 28-க்கு முன் வந்த புகலிட விண்ணப்பங்களைப் பழைய நிலுவை என்று தனியாகப் பிரித்து, 2023 முடிவதற்குள் தீர்ப்பதாக அரசு வாக்குக் கொடுத்தது. 2024 ஜனவரி தொடக்கத்தில் தீர்த்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். 4,537 சிக்கலான வழக்குகள் அப்போதும் முடிவின்றி நின்றன. அந்த அறிவிப்பால் சிலர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் வியப்பதற்கில்லை என்ற பொருளில், புள்ளிவிவர ஆணையத்தின் தலைவர் ராபர்ட் சோட் பகிரங்கமாகவே கடிதம் எழுதினார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்கக்கூடிய அமைப்பு இருந்தால்தான் இதெல்லாம் வெளிவரும் என்று மனம் ஒரு பக்கம் சொன்னது. எழுதிக் கேட்பதற்கு முன்பே, உள்ளே இருந்த எனக்குத் தெரிந்திருந்ததே என்றது மறுபக்கம்.

அதே நாட்டில் 2018-இல் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட், நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவோருக்கு இலக்கு எண் எதுவும் இல்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இருந்தது என்று தெரியவந்ததும் பதவி விலகினார். அதிகாரிகள் அவருக்குச் சரியான தகவலைக் கொடுத்து உதவவில்லை என்று பின்னால் வந்த உள்விசாரணை அறிக்கை சொன்னது. அமைச்சரைத்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தகவலைக் கையில் வைத்திருந்த பெயர் தெரியாதவர்களைப் பற்றித்தான் நான் நினைக்கிறேன். அவர்களிடமும் யாராவது “வேறு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டிருப்பார்களா?

எண் பிழையாவது வேறு, எண் சரியாக இருந்தும் விஷயத்தை மறைப்பது வேறு. பிரிட்டனின் நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்த எண், 2022-க்கு 6,06,000 என்று முதலில் வெளியானது. ஆறு மாதத்தில் 7,45,000 ஆனது, பிறகு இன்னும் ஏறியது. பார்ப்பவர்களுக்குக் குளறுபடியாகத் தெரியும். எனக்கு அதில் மரியாதைதான். விமான நிலையத்தில் பயணிகளைக் கேட்டுக் கணக்கெடுத்த காலம் போய், நிர்வாகப் பதிவுகளை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தார்கள். கூடுதல் தரவு வர வர எண் மாறியது, மாறியதைக் காரணத்தோடு வெளியிட்டார்கள். கனடாவில் நூற்றில் எண்பது விண்ணப்பங்களைக் காலவரம்புக்குள் முடிப்பது இலக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். அது வெளிப்படையான இலக்கு. மீதி இருபது பேர் ஒரு நாள் பிந்தினார்களா, மூன்று வருடம் பிந்தினார்களா என்பதை அந்த எண்பது மட்டும் சொல்லாது. என் மூன்று இலக்க எண்ணும் அப்படித்தான். பிழை இல்லாதது, அதனால் யாரும் திருத்தக் கேட்கவே முடியாதது.

இரண்டு வருடம் கழித்து, அதே கேள்வி வேறோர் உறுப்பினரிடமிருந்து வந்தது. இந்தத் தடவை அடிக்குறிப்பை எழுதினேன். விவாதம் வரும் என்று நினைத்து முந்தின நாளே பதில்களை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். மேலதிகாரி அதே ஆள்தான். படித்தார். ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். “இதை அப்போதே சொல்லியிருக்கலாமே” என்றார். கோபமில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டது போல இருந்தது. அத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்த காரணங்களில் பாதி அந்த நிமிடமே போய்விட்டது.

சரி, அத்தோடு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை, காரணம் அடுத்து நடந்தது. அந்த அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு உறுப்பினர் மேலும் கேள்வி கேட்டார். ஆவண நிலையில் நிற்பவை ஏன் இத்தனை என்று மேலிடம் கேட்டது. அந்த நிலையில் உள்ள கோப்புகளைக் குறைக்கும்படி உத்தரவு வந்தது. குறைக்க இரண்டு வழி உண்டு. திறந்து முடிவு சொல்வது ஒன்று. குறிப்பிட்ட நாளுக்குள் ஆவணம் வரவில்லை என்று சொல்லி, விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதி மூடுவது இன்னொன்று. இரண்டாவது சீக்கிரம் முடியும். “சிலதுல ஆவணம் ஸ்கேன் வரிசையில கிடந்தது, அதுக்குள்ள மூடிட்டாங்க” என்று அக்கா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நிலுவை எண் இறங்கியது. அடுத்த காலாண்டு அறிக்கையில் அதை முன்னேற்றம் என்று எழுதினார்கள். அந்த அட்டவணையையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பின்னாளில் பிரிட்டனில் 2023 செப்டம்பர் வரையிலான ஓராண்டில் 17,316 புகலிட விண்ணப்பங்கள் திரும்பப் பெறப்பட்டதாகப் பதிவானதையும், அவர்களெல்லாம் எங்கே என்று தெரியுமா என்று நாடாளுமன்றக் குழு கேட்டபோது, எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது என அதிகாரிகள் சொன்னதையும் படித்தேன். அந்தக் குழு நேருக்கு நேர் கேட்டது. எங்களை அப்படி யாரும் கேட்கவில்லை.

அடிக்குறிப்பு எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் கோப்புகள் இன்னும் நின்றுகொண்டாவது இருந்திருக்கும் என்று சில சமயம் நினைக்கிறேன். உடனே, நிற்பதை நல்லது என்று சொல்கிறாயா என்று என்னையே அதட்டிக்கொள்கிறேன். முதல் தடவையே எழுதியிருந்தால், அக்கா பிரிவில் இன்னும் இரண்டு பேர் கூடுதலாக இருந்த காலம் அது, திறந்து பார்த்தே முடித்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது. இதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பதினோரு மாதம் கிடந்த அந்த மொழிபெயர்ப்பு என்ன ஆனது என்று பார்க்க ஒருநாள் அந்தக் கோப்பைத் தேடினேன். அதற்குள் பிரிவு மாறியிருந்தேன். பார்வையிட அனுமதி இல்லை என்று திரை சொன்னது.

போன மாதம் அக்கா போன் செய்தார். புதிதாக ஒரு நிலை சேர்த்திருக்கிறார்களாம், ‘முதற்கட்டப் பரிசீலனை’ என்று. ஆவணம் வந்ததும் கோப்பு தானாகவே அதில் போய் நிற்குமாம், யாரும் திறக்க வேண்டியதில்லை. “இதை நீங்க எந்தப் பக்கம் சேர்ப்பீங்க? கணக்கு ஓடுறதுலயா, நிக்கிறதுலயா?” என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்றேன். இப்போது அந்த அட்டவணையை எடுப்பவர் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அவரிடம் இன்னும் நான் பேசவில்லை.