லிஷ்டர்ஃபெல்டே பாரக்ஸ் ஆல்பம்: குர்ரென்ட் கையெழுத்து ஒருவழியாக வசப்பட்டது

நீண்ட நாளாக மேசையில் கிடந்த 1908ஆம் வருடத் தபால் அட்டையைப் படித்துவிட்டேன்! பெர்லின் லிஷ்டர்ஃபெல்டேயில் இருந்த பிரஷ்ய கேடட் பள்ளியிலிருந்து (வருங்கால ராணுவ அதிகாரிகளுக்கான பள்ளி) ஒரு பையன் அம்மாவுக்கு எழுதியது. 5 ஃபெனிக் ஜெர்மானியா தபால்தலை, முத்திரை தெளிவு, படப்பக்கம் பழுதில்லை. பின்பக்கம்தான் பாடாய்ப் படுத்தியது.

குர்ரென்ட் என்கிற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், ஈ, என், எம், யு எல்லாமே ஒரே மாதிரி சாய்ந்த குச்சிகள்தான், எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்றே பிடிபடாது. யுவுக்கு மட்டும் தலைமேல் ஒரு வளைகோடு உண்டு, அவசரத்தில் எழுதுகிறவன் அதையும் பக்கத்து எழுத்தின்மேல் போட்டுவிடுவான். அச்சிட்ட எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் வேலைக்கு ஆகாது, அது அழகாக எழுதும் வாத்தியாரின் கை, இது பதினைந்து வயசுப் பையனின் கை. அதனால் செய்தியை விட்டுவிட்டு முகவரியில் ஆரம்பித்தேன். ஊர்ப்பெயர் என்றால் பழைய அட்லஸில் சரிபார்த்துக்கொள்ளலாம் இல்லையா? ஊர் ஷ்னைடெமூல் (இன்றைக்குப் போலந்தில் பீவா). அந்த ஒரு பெயரிலேயே என், ஈ, ஐ, எம் எல்லாம் வந்துவிடுகின்றன, ஈ இரண்டு தடவை, யு மட்டும் வளைகோட்டுக்குப் பதில் இரட்டைப் புள்ளி வைத்த வடிவத்தில். ஸ்கேனைப் பெரிதாக்கி, அந்த எழுத்துகளை மட்டும் தனியே வெட்டி ஒரு தாளில் ஒட்டி, அவனுடைய கைக்கென்றே ஒரு அட்டவணை செய்துகொண்டேன். அப்புறம் அதே குச்சிகளைத் தொட்டெழுதும் பேனாவால் நானும் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். கை பழகினால் கண்ணும் பழகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி இல்லையாம், கம்பளிக் கையுறை வேண்டுமாம், தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான் சேதி. படித்து முடித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது.

இந்த ஒரே வளாகத்துக்கு ஒரு முழு ஆல்பம் போடுவது என்று ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், இவ்வளவு மாற்றங்களை ஒரே இடத்தில் பார்ப்பது அபூர்வம். 1873இல் ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் அடிக்கல் நாட்டினார், 1878இல் கேடட்டுகள் குடிவந்தார்கள். முதல் உலகப்போர் விமானி ரிஷ்டோஃபென், பின்னாளில் நாஜித் தலைவரான கோரிங் இருவருமே இங்கே படித்தவர்கள். முதல் உலகப்போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தத்தால் 1920இல் பள்ளியை மூடினார்கள். 1933இல் ஹிட்லரின் காவல் படையான எஸ்.எஸ். லைப்ஸ்டாண்டார்ட்டே உள்ளே வந்தது. 1934 ஜூன் 30இல் தொடங்கி, ஹிட்லர் நடத்திய களையெடுப்பில் கைதாகி வந்தவர்களை இதே வளாகத்தில் சுட்டுக் கொன்றார்கள். 1945 ஜூலையில் அமெரிக்கர்கள் வந்து, ஐஸ்லாந்தில் விமான விபத்தில் இறந்த ஜெனரல் ஃபிராங்க் ஆண்ட்ரூஸின் பெயரில் ஆண்ட்ரூஸ் பாரக்ஸ் (படைவீரர் குடியிருப்பு) ஆக்கினார்கள். டாய்ஃபெல்ஸ்பெர்க் குன்றின்மேல் உட்கார்ந்து கிழக்குப் பக்கத்து வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்ட, ஃபீல்ட் ஸ்டேஷன் பெர்லின் என்ற அமெரிக்க நிலையத்தின் வீரர்கள் தூங்கி எழுந்தது இங்கேதான். 1994இல் அமெரிக்கர்களும் கிளம்ப, இப்போது ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் இருக்கிறது. நாஜிக் கட்சி உறுப்பினர் அட்டைகளும் எஸ்.எஸ். ஆட்களின் கோப்புகளும் அதே எஸ்.எஸ். குடியிருந்த வளாகத்தில் ஆராய்ச்சியாளர்கள் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் காகிதங்களாக இருக்கின்றன. எனக்கு இதைவிட நியாயமான முடிவு தோன்றவில்லை.

1934 பக்கத்துக்கு அட்டை எதுவும் வைக்கப்போவதில்லை. வாசலில் காவலர் விறைப்பாக நிற்கும் படங்கள் ஏலத்தில் நிறையவே வருகின்றன, விளம்பரத்துக்காக எடுத்தவை. அவற்றை அலங்காரம் மாதிரி ஒட்ட எனக்கு மனசில்லை. தேதியும் நடந்ததும் மட்டும் எழுதிய வெறும் பக்கம் போதும்.

அட்டைகளைப் போட்டுவைக்கும் உறை விஷயம்: பி.வி.சி. கலந்த பழைய உறைகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு பாலியெஸ்டருக்கு மாறிவிட்டேன், விலை கூடுதல்தான், ஆனால் பிசுபிசுப்பு கிடையாது. ஜெர்மனியில் ஒரு வியாபாரி அட்டை விலையைவிட அதிகமாகத் தபால் செலவு கேட்கிறார், பல அட்டைகளைச் சேர்த்து அனுப்பச் சொன்னாலும் ஒத்துக்கொள்வதில்லை.

அமெரிக்கப் பக்கத்துக்கு ஏ.பி.ஓ. 09742 என்ற அமெரிக்க ராணுவத் தபால் முகவரியோடு இரண்டு கடித உறைகள் கையில் இருக்கின்றன. தேடுவது ஈஸ்டெட் சிங்கம் இருக்கும் அட்டை. டேனிஷ்காரர்கள் ஃப்ளென்ஸ்பர்க்கில் (இன்றைக்கு ஜெர்மனியில்) 1862இல் நிறுவிய சிலை, போரில் பறிபோய் பல காலம் இந்தக் கேடட் பள்ளி வளாகத்தில் நின்றது, 1945இல் அமெரிக்கர்கள் கோபன்ஹேகனுக்குக் கொடுத்து, 2011இல்தான் மறுபடி ஃப்ளென்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தது. அதற்கு மூன்று ஊர் அட்டைகளோடு தனிப் பக்கமே போடலாம்.

கேடட் பக்கத்துக்குக் குறிப்பு எழுதுவது பாதியில் நிற்கிறது, அதற்குள் டிராம் பக்கம் இழுக்கிறது. 1881 மே 16இல் சீமென்ஸ் ஓட்டிய உலகின் முதல் மின்சார டிராம் ரயில் நிலையத்திலிருந்து இந்தப் பள்ளிக்குத்தான் வந்தது, மின்சாரம் தண்டவாளம் வழியாகவே பாய்ந்ததால் குறுக்கே போன குதிரைகளுக்கு ஷாக் அடித்ததாம். அந்த டிராம் இருக்கும் ஒரு அட்டைக்கு நேற்று ராத்திரி விலை கேட்டிருக்கிறேன்.