இறக்கத்துக்கும் பலம் வேண்டும்: மலையேற்ற நாட்குறிப்பு

ஜனவரி 4

மூச்சு வாங்காமல் ஏறிவிட்டால் உடம்பு தயார் என்று பலர் நம்புகிறார்கள். கால் துவண்டு போவது பெரும்பாலும் இறக்கத்தில். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது; பழகாத தசை அதில் நுண்ணிய அளவில் சிதைகிறது. வலி உச்சத்துக்கு வருவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான். பல நாள் பயணத்தில் இரண்டாம், மூன்றாம் நாள் பாறை வழியில் முட்டி சட்டென்று மடங்குவது இப்படித்தான்.

சைக்கிள் ஓட்டினால் மூச்சு வளரும், இந்த வேலை பழகாது. தாழ்வான படி ஒன்றில் நின்று, மூன்று எண்ணும் நேரம் எடுத்து ஒற்றைக் காலில் மெல்ல இறங்குங்கள். காலுக்குப் பத்து முறை, மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் படி உயரம் அதிகம் என்று பொருள்.

ஜனவரி 19

வெறும் முதுகோடு செய்த பயிற்சி பாதிப் பயிற்சிதான். பயணத்தில் தூக்கப்போகும் எடையில் பாதியில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டலாம். மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பயிற்சிக்குத் தண்ணீர் பாட்டில்களையே சுமையாக வையுங்கள். முட்டி வலித்தால் உச்சியில் கொட்டிவிட்டு இறங்கலாம்.

பிப்ரவரி 2

நேரக் கணக்கு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். போய்வர 12 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர் என்றால் ஏறக்குறைய 4 மணி நேரம். இது ஓய்வில்லாத, திடமான நடைக்கு. சுமை, வழுக்குப் பாதை, குழுவிலேயே மெதுவாக நடப்பவர் எல்லாம் சேர்த்து 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கீழே வந்துவிடும்படி கணக்கிட்டு, திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே தாளில் எழுதுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கும் முடிவை நம்பக் கூடாது.

பிப்ரவரி 8

உயரமான இடங்களில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உயர நோயை உடல் வலிமை தடுக்காது. வேகமாக ஏற முடிகிறவருக்கு ஆபத்து கூடவும் செய்யலாம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே போகக் கூடாது. தள்ளாட்டமோ புத்தித் தடுமாற்றமோ வந்துவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் அவரைக் கீழே அழைத்துவர வேண்டும்.

பிப்ரவரி 15

முட்டிவலியை மறைத்துக்கொண்டு குழுவோடு போகிறவர் எல்லோரையும் ஆபத்தில் இழுத்துவிடுகிறார். நடக்க முடியாத ஒருவரைக் கரடுமுரடான வழியில் தூக்கிவரப் பலர் மாறி மாறித் தோள் கொடுக்க வேண்டும். அவர்களும் அதே இருட்டில், அதே பாறையில்தான் கால் வைக்கிறார்கள். வலி தொடங்கிய இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

போகும் வழி, திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் ஆகிய மூன்றையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். விசில் பையின் அடியில் கிடக்காமல் தோள்பட்டையில் தொங்கட்டும். ஆபத்தில் உதவி கேட்க, ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். மூன்று ஊதல் பதிலாக வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போதும் நிறுத்தாதீர்கள், சத்தத்தை வைத்துத்தான் அவர்கள் திசை பிடிப்பார்கள்.