மாமாவோட தோள்பட்டையும் எங்க பழைய கேமராவும்

தங்கச்சிமடத்துல இருந்து மாமாவ, இதயத்துக்கு ரத்தம் ஒழுங்கா போகுதான்னு பாக்குற ஸ்கேனுக்கு, நான் ஸ்கேன் எடுக்குற வேலைல இருக்குற மதுரைக்கு கூட்டிட்டு வர தடைக்காலந்தான் தோதா அமைஞ்சுது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்கு போகாது, மத்த நாள்னா நெஞ்ச அடைக்குதுன்னாலும் "வாயுடா மாப்ள"ன்னு ஒரு சோடாவ குடிச்சிட்டு வலைய தூக்கிட்டு கிளம்பிருவாரு.

ஊர்ல எல்லாரும் இத இன்னும் தாலியம் டெஸ்ட்னு தான் சொல்றாங்க, அது பழைய மருந்தோட பேரு, நாங்க ஊசில போடுறது டெக்னீசியம், உடம்புக்குள்ள இருந்து காமா கதிர் விடுற மருந்து. 6 மணி நேரத்துல பாதியா கொறஞ்சிரும், அதனால பஸ் லேட்டு, பாலத்துல காத்துன்னு சொல்லிட்டு வந்தா மருந்து நமக்காக காத்துட்டு இருக்காது.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் உக்கார வச்சு, டேபிள்ல மல்லாக்க படுக்க வச்சு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கச் சொன்னேன். எங்களுது அந்த கதிர புடிக்கிற பழைய ரெண்டு ஹெட் கேமரா. உடம்ப சுத்தி வந்து எடுக்கணும், மொத்தம் 64 கோணம், ரெண்டு ஹெட்டும் பிரிச்சு எடுத்தாலும் 32 தடவ நிக்கணும், நின்ன எடத்துல எல்லாம் 25 செகண்ட், ஆக 13 நிமிஷத்துக்கு மேல அசையாம கெடக்கணும். முப்பது வருஷம் வலை இழுத்த தோள்பட்டை, எட்டாவது நிமிஷமே மாமா முனக ஆரம்பிச்சாரு, ஒம்பதாவதுல கையை எறக்கிட்டாரு. எல்லா கோணத்தையும் வரிசையா அடுக்கிக் காட்டுற சினோகிராம்ல நடுவுல கோடு ஒடிஞ்சு நின்னுச்சு. மேல கீழ நகந்தா சாஃப்ட்வேர் ஓரளவு சரி பண்ணும், உடம்ப திருப்பிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, திரும்ப எடுக்கணும்.

"போன்ல ஒரு நொடில எடுக்குறான், ஒனக்கு ஏண்டா இவ்வளவு நேரம்?"

நியாயமான கேள்வி. கேமராவுக்கு முன்னாடி கொலிமேட்டர்னு ஒரு ஈயத்தகடு இருக்கும், தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்குல ஓட்டை, நேரா வர்ற காமா கதிர மட்டும் உள்ள விடும், சாஞ்சு வர்றத முழுங்கிரும். அப்பதான் எது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும். ஆனா 10,000 கதிர் வந்தா ஒண்ணு உள்ள போறதே பெரிசு. மாமாகிட்ட வலைக்கண்ணு மாதிரின்னு சொல்ல ஆரம்பிச்சேன், பாதிலயே ஒதைச்சுது, ஏன்னா வலைல கண்ணு சின்னதானா நெறைய மாட்டும், இங்க ஓட்டை சின்னதானா படம் தெளிவாகும் ஆனா வர்றது இன்னும் கொறஞ்சிரும். "அப்ப இது வலையே இல்ல"ன்னுட்டாரு. சரிதான்.

ஸ்பீடு, குவாலிட்டின்னு ரெண்டு விஷயமா பேசுறாங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது, எல்லாம் கவுண்ட்ஸ், அதாவது கேமரா எண்ணுற கதிரோட எண்ணிக்கை. ஒரு புள்ளில 100 கவுண்ட் விழுந்தா 10 சதவீதம் இரைச்சல், அதாவது படத்துல புள்ளி புள்ளியா தெரியுற தடுமாற்றம், 10,000 விழுந்தா தான் 1 சதவீதம். இரைச்சல பாதியாக்க நாலு மடங்கு வேணும். அதுக்கு நேரத்த கூட்டணும், இல்ல மருந்த கூட்டணும், இல்லாட்டி வீணாப் போறத புடிக்கணும்.

மூணாவத தான் சிஇசட்டி கேமரா செய்யுது. பயிற்சிக்கு போன எடத்துல பத்து நாள் அதுல வேலை பாத்தேன். காட்மியம் ஜிங்க் டெல்லுரைடுன்னு ஒரு குறைக்கடத்தி, கதிர் விழுந்ததும் நேரா மின்சாரமா மாறுது, எங்களுதுல மாதிரி படிகத்துல வெளிச்சமாகி அப்புறம் ட்யூப்ல பெருகி வர்ற சுத்து வழி கெடையாது. அதுக்கு மேல எல்லா டிடெக்டரும் இதயத்தையே குறி வச்சு பாக்குது. மூணு, நாலு நிமிஷத்துல படம் முடியுது. இருக்குற கேமராவுலயே கொலிமேட்டர் எவ்வளவு மங்க வைக்குதுன்னு கணக்குல எடுத்துக்கிட்டு எல்லா கோணத்தையும் சேத்து ஒரே படமாக்குற ரீகன்ஸ்ட்ரக்ஷன் சாஃப்ட்வேர் போட்டா பாதி நேரத்துல எடுக்கலாம், அது கேட்டு மூணு வருஷமா எழுதிக் குடுத்துட்டு இருக்கேன், ஃபைல் எந்த டேபிள்ல தூங்குதோ.

இப்ப ஏஐ வச்சு இரைச்சல தொடைக்கிறதும் வந்திருச்சு. படம் வழுவழுன்னு அழகா இருக்கு, அதான் எனக்கு பயம், சின்னதா ஒரு ரத்த ஓட்டக் கொறைவு இருந்து அதையும் சேத்து தொடைச்சிட்டா? அதே மாதிரி புது கேமரா வந்தா நிர்வாகம் ஒரு நாளைக்கு எத்தன பேருன்னு தான் கேக்கும், என்னக் கேட்டா மிச்சமாகுற நேரத்துல பாதிய மருந்த கொறைக்க குடுத்துரலாம்.

ரெண்டாவது தடவ தோளுக்கு அடில தலகாணி வச்சு கட்டி எடுத்தேன், அசையல. ஆனா இதயத்தோட அடிச்சுவர் மங்கலா விழுந்துச்சு. ஆம்பளைங்களுக்கு உதரவிதானம் மறைச்சா அப்படி விழும், அடைப்பு இருந்தாலும் அப்படித்தான் விழும். அதனால குப்புற படுக்க வச்சு மூணாவது தடவ. இந்த தடவ படகுத்தட்டுல தூங்குறாப்ல குறட்டையே விட்டாரு. அடிச்சுவர் நல்லா நெறைஞ்சு வந்துச்சு. ரிசல்ட்ட டாக்டர் தான் சொல்லணும், நான் வாயத் தொறக்கல.

ராத்திரி நெறைய தண்ணி குடிங்க, இன்னைக்கு மட்டும் பேத்திய மடில வைக்க வேணாம்னு சொல்லி பஸ் ஏத்தி விட்டேன். பதினோரு மணிக்கு அத்தை போன் பண்ணுச்சு, "ஏன்டா, உங்க மாமா திண்ணைல படுத்துக்கிட்டு யாரையும் கிட்ட வர விட மாட்டேங்குறாரு, எனக்கும் சேத்தா சொன்ன?"